பதினஞ்சு கார், நாலு டயர்: நரேன் கார்த்திகேயனின் 2019

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் டீம் தன்னோட பிரிவில் மூணாவது இடம் பிடிச்சதுக்கு அப்புறம், நம்ம நாகமலை புதுக்கோட்டை டீக்கடையில்கூட ‘ஜி.டி. ரேஸ்’ங்கிற வார்த்தை புழங்க ஆரம்பிச்சிருச்சு. சந்தோஷம்தான். ஆனா 2019-லேயே கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் ஜப்பானோட சூப்பர் ஜி.டி. சாம்பியன்ஷிப்பில் ஓட்டியிருக்கார். நரேன் கார்த்திகேயன். அந்த சீசனோட பாயின்ட் பட்டியலில் அவர் பேரைத் தேடினா கீழே போய்த்தான் கண்டுபிடிக்கணும். “வயசாயிருச்சு, அவ்வளவுதான்”னு முடிச்சிரலாம். ஆனா அந்தப் பட்டியலை அப்படி நேரா படிக்க முடியாது. காரணம் டயர்.

முதல்ல சூப்பர் ஜி.டி. எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். ரோட்டில் ஓடுற ஸ்போர்ட்ஸ் காரோட சாயல் இருக்கும், உள்ளே முழுக்க ரேஸ் கார். ஜி.டி.500, ஜி.டி.300னு ரெண்டு பிரிவும் ஒரே நேரத்தில் ஒரே டிராக்கில் ஓடும். நரேன் ஓட்டினது வேகமான ஜி.டி.500-ல். ரெண்டு லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ இன்ஜின், சுமார் 600 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 2019-ல் மொத்தம் எட்டு ரேஸ். ஏழு ஜப்பானில், ஒண்ணு தாய்லாந்தில். ஒரு காரை ரெண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டணும்.

2019-ல் இருந்ததில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல், ஜெயிச்சவனுக்கு எடை ஏத்துறது. ஒரு பாயின்ட் வாங்கினா அடுத்த ரேஸுக்கு ரெண்டு கிலோ கூடும். சாதாரண ரேஸில் முதல் இடத்துக்கு 20 பாயின்ட். அப்போ 40 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒண்ணு, அதோட இன்னொண்ணில் பாதிக்கு மேல காரில் கட்டிவிட்ட மாதிரி. ஜி.டி.500-ல் கணக்கு 50 கிலோவைத் தாண்டினா மிச்சத்தை நிஜ எடையா ஏத்த மாட்டாங்க, இன்ஜினுக்குப் போற பெட்ரோலோட அளவைக் குறைச்சிருவாங்க. ஏழாவது ரேஸில் இந்தச் சுமை பாதியாகும், கடைசி ரேஸில் சுத்தமா கிடையாது. அதனால சாம்பியன் ஆகணும்னா இறகு மாதிரி இருக்கும்போது மட்டும் ஓடினா பத்தாது, மூட்டையோடயும் ஓடத் தெரியணும். அந்த வருஷ சாம்பியன்கள் கசுயா ஓஷிமா, கென்டா யமாஷிதா ஜோடி, தாய்லாந்தில் ஜெயிச்சு ஏறின சுமையோடயே அடுத்து ஃபுஜியிலும் ஜெயிச்சாங்க. லெக்ஸஸ் எல்.சி.500 காருக்கு அதுதான் கடைசி சீசன்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எல்லாரையும் சமமாக்கின ரூல்புக், டயரை மட்டும் அப்படியே விட்டுருச்சு. ஃபார்முலா ஒன்னில் இப்போ எல்லாருக்கும் பிரெல்லிதான். 2019 சூப்பர் ஜி.டி.யில் அப்படி இல்லை, கம்பெனிகள் மோதிக்கலாம். 2019-ல் ஜி.டி.500-ல் 15 கார். ஒன்பது பிரிட்ஜ்ஸ்டோன், மூணு யோகோஹாமா, ரெண்டு மிச்செலின், ஒரே ஒரு டன்லப். அந்த ஒண்ணுதான் நகாஜிமா ரேசிங்கோட 64-ஆம் நம்பர் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். நரேனும் டடாசுகே மகினோவும் ஓட்டின கார்.

டயர் கருப்பா உருண்டையா இருக்கு, அதில் என்ன பெரிய வித்தியாசம்? பரீட்சை ஹாலில் பென்சிலை அழிக்கிற ரப்பரை நினைச்சுப் பாருங்க. கெட்டியான ரப்பர் பேப்பரில் வழுக்கும், அழிக்காது. மெத்துன்னு இருக்கிறது நல்லா அழிக்கும், ஆனா சீக்கிரம் உதிர்ந்து தேஞ்சுரும். ரேஸ் டயரும் இதே கதைதான், கூடவே வெப்பமும் சேர்ந்துக்கும். ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதுக்குக் கீழே டயர் ரோட்டைப் பிடிக்காது, மேலே போனாலும் பிடிப்பு குறையும். ரேஸ் அன்னைக்கு டிராக் எவ்வளவு சூடா இருக்கும்னு முன்கூட்டியே கணிச்சு கம்பெனி டயர் செஞ்சு கொண்டுவரணும். கணிப்பு தப்பினா டிரைவர் யாரா இருந்தாலும் பின்னாடிதான்.

இங்கதான் எண்ணிக்கை முக்கியம். பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஒவ்வொரு ரேஸிலும் ஒன்பது காரோட டேட்டா வருது. டன்லப்புக்கு ஒண்ணு. அந்த ஒரு கார் தடுமாறினா குறை காரிலா, டயரிலா, டிரைவரிடமான்னு பிரிச்சுப் பார்க்க அதே டயர் போட்ட இன்னொரு கார் அந்தப் பிரிவில் இல்லை. நம்ம லேபில் ஒரே ஒரு ரீடிங் எடுத்துட்டு கிராஃப் போட்டா சார் என்ன சொல்வார்? அதேதான். அதுக்காக டன்லப் மோசம்னு அர்த்தம் இல்லை. கணிப்பு பொருந்தின நாளில் இதே டீம் 2017 சுசுகா 1000 கிலோமீட்டர் ரேஸை டன்லப்பிலேயே ஜெயிச்சிருக்கு. ஆனா சாம்பியன்ஷிப் ஒரு நாள் கூத்து இல்லையே.

நரேனுக்கு டயர் அரசியல் புதுசும் இல்லை. 2005-ல் ஜோர்டான் டீமில் ஃபார்முலா ஒன் ஓட்டினார், அதில் ஓட்டின முதல் இந்தியர் அவர்தான். அந்த வருஷம் ஜூன் 19, இண்டியானாபோலிஸ். மிச்செலின் டயர் அந்த டிராக்கின் கடைசி வளைவைத் தாங்காதுன்னு தெரிஞ்சு, மிச்செலின் போட்ட 14 காரும் ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் பிட்டுக்குள்ள போயிருச்சு. மிச்சம் ஆறு கார், ஆறும் பிரிட்ஜ்ஸ்டோன். அதில் நரேன் நாலாவது. ஃபார்முலா ஒன்னில் அவர் வாங்கின பாயின்ட் மொத்தமும் அன்னைக்கு வந்ததுதான். “ஆறு பேர்ல நாலாவது”னு கேலி பண்றவங்க உண்டு. பண்ணட்டும், டயர் அன்னைக்கு அவர் பக்கம் இருந்தது நிஜம்தான். அப்போ 2019-ல் டயர் அவர் பக்கம் இல்லைங்கிறதையும் சேர்த்துத்தானே எண்ணணும்?

அந்த 2019 சீசன் நவம்பரில் மோட்டெகியில் முடிஞ்சுது. அதே மாசம் ஃபுஜியில் இன்னொரு பந்தயம் நடந்தது. ஜெர்மனியோட டி.டி.எம். தொடரிலிருந்து ஆடி, பி.எம்.டபிள்யூ கார்கள் வந்து ஜி.டி.500 கார்களோட சேர்ந்து ஓடின ‘ட்ரீம் ரேஸ்’. சாம்பியன்ஷிப் பாயின்ட் கிடையாது, வெற்றிச் சுமையும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே டயர்: டி.டி.எம். அப்போ வழக்கமா பயன்படுத்தின ஹான்கூக்.

சனிக்கிழமை முதல் ரேஸை லெக்ஸஸில் நிக் காசிடி ஜெயிச்சார். நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது ரேஸை ஜெயிச்சது 64-ஆம் நம்பர் ஹோண்டா. ஓட்டினது 42 வயசு நரேன்.

ஒரு ரேஸை வச்சு எதையும் நிரூபிச்சிர முடியாது. அன்னைக்கு சேஃப்டி கார் பலமுறை வந்து கூட்டத்தைக் கலைச்சுச் சேர்த்துச்சு, அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஆனா எட்டு ரேஸா கீழ்ப்பட்டியலில் கிடந்த டீம், மாத்தின முக்கியமான விஷயம் டயர் மட்டும்னா, அந்த சீசனைப் பத்தி “வயசாயிருச்சு”ன்னு எழுதுறவங்க கொஞ்சம் யோசிக்கணும். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஃபேக்டரியில் பைக் டயர் தயாராகுது. நம்மில் எத்தனை பேர் அதைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம்? ரப்பர் கலவைன்னு ஒரு படிப்பு இருக்குன்னு எனக்கு உறைச்சதே இந்த சீசனைத் தோண்டும்போதுதான்.

2020 சீசனில் 64-ஆம் நம்பர் காரில் நரேனும் இல்லை, மகினோவும் இல்லை. டயர் மட்டும் அதே டன்லப்.