பெரியப்பாவின் கருவிப்பெட்டிக்கு என்ன விலை?



தச்சு வேலை பார்த்தவர் வீட்டில் காலமாகிவிட்டால், கருமாதி முடிந்த ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "அந்த சாமானையெல்லாம் சும்மா துருப்பிடிக்க விடுவானேன்? மொத்தமா ஒரு ரேட் போட்டு எடுத்துக்கிறேன்" என்பார். வருகிறவர் காயலான் கடைக்காரராக இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். எங்கள் பெரியப்பா இறந்தபோது இரண்டு பேருமே வந்தார்கள். சொந்தக்காரர் சொன்ன தொகை மூவாயிரம். காரியச் செலவுக்கு வாங்கிய கடன் பெரியம்மா தலையில் இருந்தது. "மெக்கானிக்கல் படிக்கிறியே, நீயே பார்த்து ஒரு விலை சொல்லுப்பா" என்று பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டார்கள். முதலாண்டு கார்பென்டரி ஷாப்பில் ஹாஃப் லேப் ஜாயின்ட் போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய எல்லோருக்கும் இந்த வேலை ஒருநாள் வரலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

மேனேஜ்மென்ட் பேப்பரில் தேய்மானம் படிக்கிறோம். வாங்கிய விலையில் ஸ்கிராப் மதிப்பைக் கழித்து, ஆயுள் வருஷத்தால் வகுத்தால் வருஷத் தேய்மானம் வந்துவிடும். பத்து மார்க்குக்கு நல்ல கேள்விதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய இரும்பு இழைப்புளிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஸ்கிராப் மதிப்பு மட்டும்தான் மிஞ்சும். காயலான் கடைக்காரரும் அதே விடையைத்தான் தராசில் வைத்துச் சொல்கிறார். 14 அங்குல ஜாக் பிளேன் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் அறுபத்துச் சொச்சம். அதே அளவில் புதுசு வாங்கப் போனால் ஹார்டுவேர் கடையில் ஆயிரத்தைத் தாண்டும். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்தக் கருவியில் இன்னும் எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது? பெரியப்பா இதை வைத்து எந்தக் கோயில் கதவைச் செய்தார் என்பதற்கெல்லாம் வாங்குகிறவன் காசு தர மாட்டான். அது நம் வீட்டுக் கணக்கு.

உளியில் இருந்து ஆரம்பிக்கலாம், அதில்தான் சூட்சுமம் அதிகம். உளி தீட்டத் தீட்ட நீளம் குறையும். உளி முழுவதும் பதம் போட்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையிலோ பழைய அரத்திலோ அடித்த உளியில் முனைப்பக்கம் கொஞ்ச தூரம்தான் பதம் இருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்துவிட்டால் பார்வைக்கு நீளமாக இருந்தாலும் கூர் நிற்காது. ஒரு சின்ன அரத்தால் பக்கவாட்டில் லேசாகத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பதம் உள்ள இடத்தில் அரம் கடிக்கத் தயங்கும், மிருதுவான இடத்தில் சுலபமாகக் கடிக்கும். முனையில் நீலநிறம் இருந்தால் உஷார்! சாணைச் சக்கரத்தில் சூடேற்றிப் பதத்தை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நம் மெட்டலர்ஜி பாடத்தில் வரும் அதே டெம்பர் கலர்தான். அந்த நீலம் இருக்கிற அளவுக்குத் தேய்த்துத் தள்ளிவிட்டுத்தான் மிச்ச நீளத்தைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு இப்படி. அதே தரத்தில் புது உளி 300 ரூபாய், அதில் உபயோகிக்கக்கூடிய நீளம் 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மிச்சம் 2½ அங்குலம். 300-ஐ 2½-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 187 ரூபாய் 50 காசு. பிடி மாற்ற, சாணை பிடிக்க 40 ரூபாய் போனால், 150 பக்கம் வந்து நிற்கும். இதைச் சொல்லிவிட்டு உளியைக் கையில் கொடுத்தால் எந்த ஆசாரியும் அதிகம் பேரம் பேச மாட்டார். ஏனென்றால் அவரும் மனசுக்குள் இதைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்து இழைப்புளி. அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி என்பவர் வடிவமைத்த பிளேன் தொழிலை ஸ்டான்லி கம்பெனி 1869-ல் வாங்கியது. 150 வருஷம் தாண்டியும் இன்றைக்கு நம் ஷாப்பில் பிடிக்கிற இரும்பு ஜாக் பிளேன் பெரும்பாலும் அதே அமைப்புதான். ஷெஃபீல்டு ரெக்கார்டும் அதைப் பார்த்துச் செய்ததுதான், நம் நாட்டு அனந்தும் அப்படித்தான். அதனால் பிளேடு, மேல்தகடு போன்றவை தொலைந்திருந்தாலும் வேறொன்றிலிருந்து பெரும்பாலும் பொருத்திக்கொள்ளலாம். பின்பக்க மரப்பிடி உடைந்திருப்பதெல்லாம் பெரிய குறை இல்லை, ஒரு தேக்குத் துண்டும் ஒரு சாயங்காலமும் போதும். பார்க்க வேண்டியது அடிப்பாகம். வார்ப்பிரும்பு என்பதால் கீழே விழுந்தால் வாய் ஓரத்தில் விரிசல் விடும். மண்ணெண்ணெயில் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும், விலை பாதிக்கு மேல் இறங்கும். ஸ்டீல் ஸ்கேலை நெடுக்கில் வைத்து வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"ஸ்டான்லி, மேட் இன் இங்கிலாந்துன்னு போட்டிருக்கு, லட்சம் போகும்" என்று பக்கத்து வீட்டு மாமா ஒருவர் கிளப்பிவிட்டார். போகாது. 4-ஆம் எண்ணும் 5-ஆம் எண்ணும் ஏராளமாகச் செய்து விற்ற சரக்கு. சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வது கைக்குள் அடங்குகிற 1-ஆம் எண் மாதிரி அபூர்வங்களுக்குத்தான். ஆனாலும் முத்திரையை அழித்துவிடாதீர்கள். பளபளப்பு வர வேண்டும் என்று கிரைண்டரில் கொடுத்து எமரி போடுவதைப் போல நஷ்டம் வேறில்லை. துருவுக்கு மண்ணெண்ணெய், பிரஷ், கொஞ்சம் பொறுமை, கடைசியில் ஒரு கை எண்ணெய். அவ்வளவு போதும்.

ரம்பத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நெளிவு இருக்கிறதா பாருங்கள். பழைய ரம்பத்தை முக்கோண அரத்தால் தீட்டிப் பல் விலக்கிக்கொள்ளலாம். இப்போது வருகிற, பல்நுனி கருநீலமாக இருக்கும் ரம்பத்தில் அரம் ஏறாது. மழுங்கினால் வீசவேண்டியதுதான். எனவே பழசுக்கு விலை உண்டு, பாதி ஓடிய புதுசுக்குக் கிடையாது. சுத்தியல், கொட்டாப்புளி, மூலைமட்டம் இவற்றுக்குத் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், செட்டோடு சேர்த்துவிடலாம். எலெக்ட்ரிக் பிளேனர், டிரில் இருந்தால் ஓட்டிக் காட்டித்தான் விற்க வேண்டும். பேரிங் சத்தமும் கார்பன் பிரஷ் நிலைமையும்தான் அதன் விலை.

விற்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியில் இருப்பதெல்லாம் இறந்தவருடையதுதானா? தச்சர்களுக்குள் இரவல் சகஜம். பிடியில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். எங்கள் பெட்டியில் மூன்று உளிகளில் வேறு எழுத்து இருந்தது, விசாரித்து உரியவரிடம் கொடுத்தோம். உயில் இல்லாவிட்டால் 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாயார் எல்லோருக்கும் சமபங்கு. "அம்மா இஷ்டம்" என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொன்ன பிறகு விலை பேசுவது நல்லது. இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கைத்தொழிலாளி ஒருவர் கடன்பட்டு கோர்ட் டிகிரி ஆனாலும், அவருடைய தொழில் கருவிகளை ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. தராசுக்காரருக்கு இரும்பாகத் தெரிவது சட்டத்துக்குப் பிழைப்பாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

யாருக்கு விற்பது? மொத்தமாகத் தள்ளினால் அடிமாட்டு விலை. ஒவ்வொன்றாக விற்றால் நல்லதெல்லாம் முதல் வாரமே போய்விடும், சொத்தை மட்டும் நம்மிடம் தங்கும். நாங்கள் சிறு சிறு செட்டாகப் பிரித்தோம். அகல வாரியாக ஐந்து உளி, கொட்டாப்புளி, எண்ணெய்க்கல் ஒரு செட். ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வேலைக்குப் போகிற பையனுக்கு அது கச்சிதம். 22 அங்குல நீள இழைப்புளிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பிளைவுட்டும் மிஷினும் வந்தபின் நீளப் பலகையைக் கையால் இழைக்கிறவர் குறைந்துவிட்டார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். செதுக்கு வேலை உளிகளைச் சாதாரணத் தச்சரிடம் காட்டாதீர்கள், அதன் அருமை சிற்பிக்குத்தான் தெரியும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பம் போன்ற வேலை நடக்கிற ஊர்களுக்கு எடுத்துப் போனால் மரியாதையான விலை கிடைக்கும்.

பெரியப்பாவிடம் எட்டு வருஷம் தொழில் பழகிய அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் வந்து, தயங்கித் தயங்கி, தனக்குக் கொஞ்சம் கூலி பாக்கி உண்டு என்றார். எழுத்து ஏதும் கிடையாது. சொந்தக்காரர்கள் "செத்தவர் வந்து சாட்சி சொல்லப் போறாரா" என்று கிண்டல் பேசினார்கள். பெரியம்மா பேசாமல் உள்ளே போய், பெரியப்பா தினமும் கையில் பிடித்த இரண்டு மோர்டைஸ் உளிகளையும் ஜாக் பிளேனையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். என் லிஸ்டில் அதற்கு 1,400 போட்டிருந்தேன். அடித்துவிட்டேன்.

விற்கும்போது பக்கத்தில் ஒரு தேக்குத் துண்டும், முடிச்சு விழுந்த வேம்புத் துண்டும் வைத்திருங்கள். வாங்குகிறவர் இழைத்துப் பார்க்கட்டும். சுருள் அறுபடாமல் வந்தால் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். செவ்வாய், வெள்ளியில் வீட்டை விட்டுப் பொருள் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் தகராறு பண்ணாதீர்கள், புதன்கிழமை வரச் சொல்லுங்கள். கடனுக்குக் கேட்பவரிடம் பாதி முன்பணம் வாங்கி, நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் விற்று முடிய நான்கு மாதம் ஆனது. வந்தது 11,650 ரூபாய், அதில் 600 இன்னும் வரவேண்டியிருக்கிறது.