நிலா சொன்ன தேதி!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். செகண்ட் இயர்ல நான் 400 ரூபாய்க்கு ஏமாந்துபோனேன்!

பிளாட்பார பழைய புத்தகக் கடை. அட்டையில ஒட்டின, பழுப்பேறின ஊட்டி ஏரி படம். ‘‘1870-ல எடுத்தது தம்பி, ஒரிஜினல் போட்டோ!’’னு கடைக்காரர் சொல்ல, மெஸ் காசை அப்படியே நீட்டிட்டேன். மறுநாள் மெட்டலர்ஜி லேப் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தா... படம் பூரா வரிசை வரிசையா புள்ளிகள். நியூஸ்பேப்பர் படத்துல இருக்குமே, அதேதான்! அட்டையோட ஓரத்தைப் பிரிச்சா, படத்துக்குப் பின்னாடி இங்கிலீஷ்ல தேயிலைத் தோட்டம் பத்தி நாலு வரி. யாரோ புத்தகத்துலேர்ந்து கிழிச்ச பக்கம்!

காசு போனதுகூட பரவாயில்லை. அது எந்தப் புத்தகம், படம் எடுத்தது யார்... எல்லாமே அந்தக் கிழிசலோட போயிடுச்சே! அந்தக் கடுப்புல ஆரம்பிச்சதுதான் இந்தத் தேடல்.

‘வின்டேஜ்’னா என்ன?

பழைய படம் எல்லாமே வின்டேஜ் இல்லீங்க. நெகட்டிவ் எடுத்த காலத்தை ஒட்டியே போட்ட பிரின்ட்டுக்குத்தான் சேகரிப்பாளர்கள் அந்தப் பெயரைத் தர்றாங்க. அதே நெகட்டிவ்லேர்ந்து முப்பது வருஷம் கழிச்சுப் போட்டா, அது வேற ஜாதி... விலையும் வேற! அதனாலதான் ஒரு பிரின்ட் எப்போ பிறந்தது, யார் யார் கை மாறி வந்ததுங்கிற ‘ஜாதகம்’ இங்கே ரொம்ப முக்கியம்.

இதுக்கு சூப்பர் உதாரணம், அமெரிக்காவின் ஆன்ஸெல் ஆடம்ஸ். இயற்கைக் காட்சிகளை கறுப்பு-வெள்ளையில் எடுத்தே உலகப் புகழ் பெற்றவர். நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர் மேல நிலா எழும்புற ‘மூன்ரைஸ்’ அவருடைய மாஸ்டர் பீஸ். அவசரத்துல லைட் மீட்டர் கிடைக்காம, நிலாவோட வெளிச்ச அளவை மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு ஒரே ஒரு கிளிக்! அடுத்ததுக்கு ரெடியாகறதுக்குள்ள, கல்லறைச் சிலுவைகள் மேல இருந்த வெயில் போயே போச்சு.

இதுல காமெடி என்னன்னா, படத்தை எந்த வருஷம் எடுத்தோம்னு அவருக்கே சரியா நினைவில்லை! ஒவ்வொரு தடவை ஒவ்வொரு வருஷம் சொன்னார். கடைசியில் சாட்சிக்கு வந்தது அந்த நிலாதான். வானத்தில் நிலா நின்ற இடத்தையும், மலைகளோட நிலையையும் கம்ப்யூட்டரில் கொடுத்து, 1941 அக்டோபர் 31-னு சொன்னார் டேவிட் எல்மோர். கேமரா நின்ற இடத்தை இன்னும் துல்லியமா கண்டுபிடிச்சு, 1991-ல் டெனிஸ் டி சிக்கோ அதைத் திருத்தினார்... 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிஷம்! மேத்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கற மக்களே, கோஆர்டினேட் ஜியாமெட்ரி எதுக்குனு இனிமே கேப்பீங்க?

அந்த ஒரே நெகட்டிவ்லேர்ந்து 1,300-க்கும் மேல பிரின்ட் போட்டிருக்கார் மனுஷர். ஆரம்ப காலப் பிரின்ட்களில் வானம் வெளிறி இருக்கும். பின்னாடி போகப்போக கன்னங்கரேல்! 1962-ல்தான் அவர் கார்மெல் ஊருக்குக் குடிபோனார். ஸோ, முதுகுல கார்மெல் முகவரி முத்திரை இருந்தா, அது எப்போ அவர் கையை விட்டுப் போயிருக்கும்னு நீங்களே சொல்லிடலாம்.

45 டாலர் கனவு!

2000-ல் கலிஃபோர்னியாவில், பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் ரிக் நோர்சிஜியன் என்பவர் 45 டாலருக்கு கண்ணாடி நெகட்டிவ்கள் வாங்கினார். ‘எல்லாம் ஆடம்ஸ் எடுத்தது, மதிப்பு 20 கோடி டாலர்’னு 2010-ல் அறிவிக்க, உலகமே வாயைப் பிளந்தது. டி.வி-யில் பார்த்த ஒரு பெண்மணி, ‘‘அட, இது எங்க ஏர்ல் மாமா எடுத்த படமாச்சே!’’ங்கிற ரீதியில் கிளம்பினார். அதே மரத்தோட படம் அவங்க வீட்டு பாத்ரூம் சுவத்துல தொங்கிட்டிருந்ததாம்! கேஸ், கோர்ட்டுனு போய், ஆடம்ஸ் பெயரைச் சொல்லி விற்கக் கூடாதுனு 2011-ல் சமரசம் ஆச்சு.

வாங்கும் முன்...

* லென்ஸ் வெச்சுப் பாருங்க. ஒழுங்கான புள்ளிகள் தெரிஞ்சா, அது அச்சு மெஷின்ல வந்தது.

* 19-ம் நூற்றாண்டுப் பிரின்ட் பலதும் முட்டை வெள்ளைக்கரு பூசின மெல்லிய காகிதம். சுருளும்ங்கிறதால அட்டையில் ஒட்டியிருப்பாங்க. வெளிச்சமான இடங்கள் மஞ்சள் பாய்ஞ்சிருக்கும்.

* கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டுங்க. காகிதம் நீலமா பளிச்சுனு ஒளிர்ந்தா, அது 1950 வாக்கில் அல்லது அதுக்கும் பிறகு வந்த காகிதம். ஒளிரலைனா பழசுனு அர்த்தம் இல்லை... ஜாக்கிரதை!

* அட்டையைப் பிரிக்காதீங்க (நான் செஞ்ச தப்பு!). பின்பக்க முத்திரை, கிறுக்கல், விலைச்சீட்டு எல்லாமே சாட்சி.

கடைசியா ஒண்ணு. எங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டியில எங்க ஊர் ஏரி படம் ஒண்ணு இருக்கு. கரையில கோயில் கோபுரம், தண்ணியில அதோட நிழல். இன்னிக்கு அந்த ஏரி இருந்த இடத்துல பஸ் ஸ்டாண்ட். யார் எடுத்தது, எப்போ எடுத்தது, எதுவும் எழுதலை. கேக்கலாம்னா தாத்தா இல்லை. மண்ணுல விழுந்த கோபுர நிழலை அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேரம் வருது. தேதிக்கு ரெண்டு விடை வருது. வருஷம் மட்டும் வரமாட்டேங்குது... அந்தப் படத்துல நிலா இல்லியே!

இந்த லீவுல வீட்டுக்குப் போறீங்கல்ல? ஆல்பத்தை எடுத்து, பாட்டி பக்கத்துல உட்காருங்க. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் ஊர், பேர், வருஷத்தைப் பென்சிலால மெதுவா எழுதி வைங்க. பேனா வேணாம், மை ஊறும்!