முதல் வார்டு எது, மாமா?

அக்கா மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துவிட்டாள். நாலு வருஷப் படிப்பு, கவுன்சில் பதிவு எல்லாம் ஆயிற்று. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் ரெடி. 'ஐ.சி.யூ.வா, ஜெனரல் வார்டா? திங்கட்கிழமைக்குள் சொல்லு' என்றார்களாம். நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே வார்டு, ஓட்டுப் போடுகிற கார்ப்பரேஷன் வார்டுதான்!

"ஐ.சி.யூ.ன்னா சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி மாமா. வெளிநாடு போறதுக்கும் அதான் நல்லதுங்கறாங்க."

"அப்புறமென்ன யோசனை?"

"பயமா இருக்கு. நீங்க கணக்கைத் தப்பா எழுதினா அடிச்சிட்டு எழுதலாம். நான் தப்பு பண்ணினா..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கும் ஜோக் எதுவும் வரவில்லை.

எங்கள் தெருவில் ரிட்டயரான நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மாள் விளாசித் தள்ளிவிட்டார்.

"வார்டுல நிறைய பேஷன்ட். யாரை முதல்ல பார்க்கணும்ங்கறது அங்கதான் பழகும். நல்லாப் பேசிட்டிருந்தவர் திடீர்னு குழம்பிப் பேசினா, மூச்சு வேகமா வாங்கினா, ஏதோ சரியில்லைன்னு கண்ணு சொல்லணும். ஐ.சி.யூ.ல ஒண்ணு ரெண்டு பேஷன்ட்தான். ஆனா வென்டிலேட்டர், மானிட்டர், சொட்டுச் சொட்டா அளந்து போற மருந்துன்னு ஒவ்வொரு நிமிஷமும் பரீட்சை. ரெண்டுமே நல்ல இடம்தாம்மா. உன் பக்கத்துல நின்னு சொல்லித்தர ஆள் இருக்கா? அதைக் கேளு முதல்ல!"

பாட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை, 1984-ல் வந்த தன் புத்தகத்தில் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார். மூன்றாவது படியான 'திறமைசாலி'யை எட்டவே, ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருஷம் ஆகுமாம். முதல் மாசத்திலேயே கை நடுங்கக் கூடாது என்றால் எப்படி ஸார்?

அம்மாள் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தார். எத்தனை வாரம் சீனியரோடு டியூட்டி? நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்? ராத்திரி ரெண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒத்துவராவிட்டால் வேறு யூனிட்டுக்கு மாற்றுவார்களா?

கேட்டாள். ஐ.சி.யூ.வில் ஆள் பற்றாக்குறை. 'பத்து நாளில் தனியாகப் பார்க்கணும்' என்றார்கள். வார்டு சிஸ்டரோ, 'மூணு மாசம் என்னை விட்டு நகரக் கூடாது' என்று அதட்டினாராம். அதட்டிய இடத்தையே தேர்ந்தெடுத்தாள். சம்பளத்தில் 1,500 ரூபாய் குறைவு. படிப்புக் கடனை நினைத்து அத்திம்பேர் முகம் ஒரு வாரம் தொங்கிப் போயிருந்தது.

போன வாரம் நைட் டியூட்டி. ஒரு பெரியவரின் மூச்சு சரியில்லை என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. சிஸ்டரைக் கூப்பிட, அவர் டாக்டரைக் கூப்பிட, பெரியவர் உடனே ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்டார். இப்போது தேறி வருகிறார்.

"பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. ஆனா, பயம் வந்தா யாரைக் கூப்பிடணும்னு தெரியுது."

என் முதல் ஆபீஸில் இதைக் கேட்காமலே சேர்ந்தேன். அந்தக் கதை இன்னொரு வாரம்!