ஒலியும் ஒலியனும்

ஒரு மொழியில் எத்தனை ஒலிகள் உள்ளன என்னும் வினா எளிதெனத் தோன்றலாம். ஆயினும் செவியை மட்டும் நம்பி அதற்கு விடை கூறுதல் இயலாது. ஒருவர் ஒரே சொல்லை இருமுறை உச்சரிப்பினும், நுண்கருவிகள் அவ்விரண்டிற்கும் இடையே வேறுபாடு காட்டும். ஆகவே, ஒலி வேறுபாடுகளுள் பொருளை மாற்ற வல்லவை எவை என்பதையே மொழியியலார் ஆராய்கின்றனர். பொருளை வேறுபடுத்தும் இத்தகைய ஒலியலகிற்கு 'ஒலியன்' என்று பெயர்.

இந்தியில் காலம், தோல், கன்னம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மூன்றையும் தமிழில் எழுதினால் 'கால்' என்றே அமையும். இந்தி பேசுவோர்க்கோ அவை வெவ்வேறு சொற்கள். முதற்சொல்லின் ககரம் தமிழில் 'கல்' என்பதில் உள்ளதைப் போன்றது; இரண்டாவது, மூச்சுக்காற்று மிக்கு ஒலிப்பது; மூன்றாவது, 'தங்கம்' என்பதில் வரும் ககரத்தை ஒத்தது. முதலொலி மாறிய அளவிலேயே பொருளும் மாறுவதால், இவை இந்தியில் மூன்று ஒலியன்களாகும்.

தமிழில் நிலைமை வேறு. 'கல்', 'தங்கம்', 'பகல்' என்னும் சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கின்றது. எனினும், தமிழ்ச்சொற்களில் எவ்விடத்து எவ்வொலி வரும் என்பதை இடமே வரையறுத்துவிடுகின்றது. 'பகல்' என்பதன் ககரத்தை ஒருவர் வன்மையாக ஒலித்தாலும் வேறொரு பொருள் பிறப்பதில்லை. எனவே இம்மூன்றும் ஓர் ஒலியனின் மாற்றொலிகளே. தமிழுக்கு ஒரு ககரம் போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே. பிறமொழிச் சொற்களை எழுதும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது.

இக்கருத்து ஏட்டளவில் நிற்பதன்று. எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து வகுக்கும்போது இதன் பயன் நன்கு விளங்கும். எழுத்துகள் குறைந்தால் வெவ்வேறு சொற்கள் ஒன்றாகக் கலந்துவிடும்; மாற்றொலிகளுக்கெல்லாம் தனி எழுத்து வகுத்தால் குழந்தைகளுக்கு வீண்சுமை உண்டாகும்.

முண்டா மொழிகளுள் ஒன்றாகிய சந்தாளி மொழி இதற்குத் தக்க சான்றாகும். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் 73 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தனர். ரோமன், வங்காளம், ஒடியா, தேவநாகரி எனப் பல எழுத்துகளில் இம்மொழி எழுதப்பட்டு வந்தது. சொல்லிறுதியில் காற்று வெளிப்படாது தொண்டையில் தடையுண்டு நிற்கும் மெய்யொலிகள் சந்தாளிக்கு உண்டு. அயல்மொழிகளின் பொருட்டு அமைந்த எழுத்துகளில் இவற்றிற்கு உரிய இடமில்லை. மயூர்பஞ்சுப் பகுதியைச் சேர்ந்த பண்டித ரகுநாத் முர்மு 1925இல் வகுத்த 'ஒல் சிக்கி' எழுத்துமுறை இவ்வொலிகளுக்கும் இடமளிக்கின்றது. அதன் அடிப்படை எழுத்துகள் 30. அரசியலமைப்பின் 92ஆவது திருத்தச் சட்டம், 2003, சந்தாளியை எட்டாம் அட்டவணையில் சேர்த்தது.

ஒரு மொழிக்கு எத்தனை எழுத்துகள் தேவை என்பதை அண்டை மொழியின் எழுத்து வரிசையைக் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. ஓரொலியில் மட்டும் வேறுபடும் சொற்களை இணையிணையாகத் தொகுத்து, அம்மொழியைப் பேசுவோரையே வினவி அறிதல் வேண்டும். தன் தாய்மொழியில் முதற்பாடம் பயிலும் குழந்தைக்கு, வாயில் வழங்கும் சொல்லும் ஏட்டில் காணும் சொல்லும் ஒன்றே என்னும் தெளிவு அதனாலேயே கிட்டும்.