பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் வர்ணம் பூசியது ஏன்?

திருவல்லிக்கேணியில் கடற்கரைக்குச் சமீபமான வீடுகளின் ஜன்னல் கம்பிகளை விரலால் தடவினால், வர்ணம் கொப்புளித்து, அதனடியிலிருந்து செந்தூள் உதிர்வதைக் காணலாம். கரையிலேயே இந்நிலையென்றால், 1914-ஆம் வருஷம் முதல் கடலின் நடுவே, இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக நீண்டு நின்ற பாம்பன் ரயில் பாலம் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

துரு என்பது மின்சாரமும் ரசாயனமும் கலந்த வினை. உலோகத்தின் ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைய, வேறோரிடத்தில் பிராணவாயுவும் நீரும் அவற்றை ஏற்கின்றன. உப்பு கரைந்த ஈரமோ இவ்விரண்டுக்கும் இடையே மின்னோட்டத்தைச் சுலபமாக்கிவிடுகிறது. ஆகையால், பழைய துருவின் மேலேயே வர்ணம் பூசுவது வீண் செலவு. அதன் நுண்துளைகளில் தங்கிய உப்பு, பூச்சை ஊடுருவி நீரை ஈர்த்துக் கொப்புளம் எழுப்பிவிடும். நன்னீரால் கழுவி, கரடான துகள்களை வேகமாக வீசிப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, மறுபடி ஈரம் படியுமுன் அடிப்பூச்சுக் கொடுப்பதே முறை. அந்தப் பூச்சில் துத்தநாகம் சேர்ப்பதன் சூட்சுமம் அழகானது: இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை விடும் துத்தநாகம், தான் கரைந்து இரும்பைக் காக்கிறது.

தகடுகள் பொருந்தும் இடுக்குகளும் ரிவெட்டுத் தலைகளின் ஓரங்களுமே முதலில் கெடுபவை. அலைகளுக்கு மேலே தொங்கியபடி அவ்விடுக்குகளைத் தேடித் தூரிகையை நுழைக்கும் தொழிலாளியின் கைத்திறன், பாலத்தை வரைந்த நிபுணரின் வித்தைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், ரிவெட்டுகளுக்குப் பதிலாகப் பற்றவைத்த இணைப்புகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் இடம்பெற்றிருப்பதற்கு இந்த அனுபவமே காரணம் எனலாம்.