தொடையில் இன்னொரு புண்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு பாலுசெட்டி சத்திரம் பக்கம் வந்தால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. அங்கே வண்டியோடு விழுந்து கால் தோல் உரிந்தவரானாலும், பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும்போது கொதிநீரைக் கொட்டிக்கொண்டவரானாலும், காயம் ஆழமென்றால் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: “தொடையில தோல் எடுத்து ஒட்டணும்.” ஒட்டு பிடிக்குமா என்று வீட்டார் கேட்பார்கள். தோல் எடுத்த இடம் என்ன ஆகும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு நோயாளி முனகுவதோ பெரும்பாலும் அந்த இடத்துக்காகத்தான்.

தோலின் மேலடுக்கை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுப்பதால் நரம்பு முனைகள் திறந்து கிடக்கும், எரிச்சல் தாங்காது. அடியில் எஞ்சிய மயிர்க்கால்களிலிருந்தும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் செல்கள் பரவி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புதுத்தோல் மூடிவிடும். நடுவில் கிருமி புகுந்தால் புண் ஆழமாகும். அதற்கே இன்னொரு ஒட்டு போட வேண்டிய நிலைகூட வரலாம். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதிக்கிற நெசவாளிக்குத் தொடைப் புண் என்றால் கூலியும் நின்றுபோகும்.

ஆகவே அந்தப் புண்ணை எதைக் கொண்டு மூடுகிறார்கள் என்பது முக்கியம். வெகுகாலமாக வாசலின் தடவிய வலைத்துணிதான். அது காய்ந்து ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும். ஈரம் காக்கப்பட்ட புண் சீக்கிரம் மூடுகிறது என்று ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962-இல் பன்றிகளிடம் சோதித்துக் காட்டினார். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை 1910-லேயே அமெரிக்காவில் புண்மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புண்ணை மூட, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாளை உருவாக்கியவர்களில் நம் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது வாழையிலை. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கி, தோல் எடுத்த இடத்தில் கட்டிப் பார்த்தார். வாசலின் துணியோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவை வெளியிட்டார்: இலைக் கட்டில் வலி குறைவு, செலவும் சொற்பம். வழவழப்பான இலை புண்ணில் ஒட்டாது. இதைப் படித்துவிட்டுக் கொல்லை இலையை அறுத்துவந்து கட்டிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கியதுதான் மருந்து. கொல்லை இலையில் மண்ணும் கிருமியும் இருக்கும். மஞ்சள், பற்பசை, மை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: எங்கிருந்து தோல் எடுப்பீர்கள், எதைக் கொண்டு மூடுவீர்கள், விலை என்ன? கொலாஜன் பெரும்பாலும் மாட்டின் தோல், தசைநாண்களிலிருந்து வருவது. நம்பிக்கை காரணமாக அதை மறுக்க நோயாளிக்கு உரிமை உண்டு. முன்கூட்டிச் சொன்னால்தானே மறுக்க முடியும்? பனிக்குடச் சவ்வு என்றால், தந்த தாயின் ஒப்புதல் பெற்றார்களா, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குச் சோதித்தார்களா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. தனியாரில் கட்டுக்குத் தனிக் காசு வாங்கினால், பெட்டியில் அச்சிட்ட விலையோடு பில்லை ஒப்பிடுங்கள்.

பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. தோல் ஒட்டுவதோ பல நேரங்களில் புண் சுத்தமான பிறகு, சில நாட்கள் கழித்து. எனவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள். ஒட்டு அறுவை அதில் அடங்குமா, கட்டுச் செலவும் சேர்த்தா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. கட்டணம் வாங்கிய இடத்தில் கவனக்குறைவு நடந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வழிகேட்க 1915 என்ற எண்ணை அழையுங்கள். எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிமேல் அங்கே வழக்குப் போட முடியாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் கட்டின் ஓரம் தூக்கினால் பிய்க்காதீர்கள். உள்ளே தோல் வளர்ந்ததும் தானாகக் கழன்றுவிடும். நாற்றம், சீழ், காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு, குறைந்த வலி மறுபடி கூடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம்.