பொருத்தம் பார்த்துச் சேர்க்கும் கணினி

கணினியைத் தாமே உருவாக்கிக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் அஞ்சுவது திருப்புளி பிடித்து உறுப்புகளைப் பூட்டும் வேலைக்குத்தான் என்றாலும், அந்த வேலை பொறுமையுள்ள எவருக்கும் ஓர் அரைநாளில் கைவந்துவிடும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் உறுப்புகளைத் தேர்ந்து, அவற்றை நம்பத்தக்க இடத்தில் வாங்குவதே இதில் உண்மையான கடினம்.

வெவ்வேறு நிறுவனங்களின் உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் இசைந்து இயங்குவது தானாக அமைந்துவிடவில்லை. ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய தனிநபர் கணினியை, இன்டெல் 8088 செயலி உட்பட, பெரும்பாலும் சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே வடிவமைத்ததோடு, அதன் மின்சுற்று வரைபடங்களையும் கையேடாக வெளியிட்டது. கணினியை இயக்கி எழுப்பும் அடிப்படை நிரலான பயோஸ் மட்டும் ஐபிஎம்மின் பதிப்புரிமைக்குள் இருந்தது. காம்பேக் நிறுவனம் அதை நகலெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலைப் புதிதாக எழுதுவித்து 1982 இறுதியில் இணக்கமான கணினியை அறிவித்தது. பீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய பயோஸைப் பிறருக்கும் விற்கத் தொடங்கிய பின், உறுப்புகளை வாங்கிச் சேர்க்கும் எவரும் கணினி செய்யலாம் என்ற நிலை உருவாயிற்று. உறுப்புகளைத் தாங்கி இணைக்கும் தாய்ப்பலகையின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் வரையறுத்து இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்னும் அளவுத்திட்டமே இன்றும் மேசைக் கணினிகளின் அடிப்படையாக நீடிக்கிறது.

ஆயினும் பொதுத் திட்டம் எல்லாவற்றையும் சமன்செய்துவிடவில்லை. செயலி அமரும் இருக்கையான சாக்கெட் நிறுவனத்துக்கு நிறுவனம், தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், 1718 தொடுமுனைகள் கொண்ட ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் இன்டெல் செயலியோ, ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 செயலியோ பொருந்தாது. தற்காலிக நினைவகமான ராம் பலகைகளில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகளே இருந்தும், நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பதால் ஒன்றின் துளையில் மற்றது இறங்காது. கண்ணுக்குத் தெரியாத பொருத்தங்களும் உண்டு: சாக்கெட் ஒன்றாகவே இருந்தாலும், நெடுநாள் கிடங்கில் கிடந்த தாய்ப்பலகையின் பயோஸ் புதிய செயலியை அடையாளம் காணாமல் போகலாம், பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் செயலிகளில் உட்பொதிந்த வரைகலைப் பகுதி இயங்காது என்பதால், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காதவருக்குத் திரையில் எதுவுமே தெரியாது.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது, கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லும் மின்வழங்கியாகும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் இந்தப் பெட்டி தரம் குறைந்து பழுதாகும்போது, தான் மட்டும் கெடாமல் தாய்ப்பலகையையும் வன்வட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், செலவைக் குறைக்க எண்ணுபவர் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம் இதுவே. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே பெறுகின்றன; ஆகவே மேலே கொட்டையெழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், பக்கவாட்டு ஒட்டுத்தாளில் அந்தத் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் உண்மையில் கிடைப்பது 216 வாட்தான். 2004 முதல் வழங்கப்படும் 80 பிளஸ் சான்று, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதைக் காட்டுகிறது: உறுப்புகளுக்கு 300 வாட் தேவைப்படும் வேளையில், 80 விழுக்காட்டுத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 375 வாட் இழுக்க, 90 விழுக்காட்டுத் திறனுள்ளது ஏறத்தாழ 333 வாட்டுடன் நின்றுவிடுகிறது. மின்னழுத்தம் எகிறும்போது அறுத்துக்கொள்ளும் பாதுகாப்பை இச்சான்று அளப்பதில்லை என்பதால், அதைத் தனியே விசாரிப்பது நல்லது.

உறுப்புகளைத் தேடுவோருக்குத் தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை என்பதுபோல், சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் இருக்கின்றன. இணையக் கடைகளில் விலையை ஒப்பிடுவது எளிது என்றாலும், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவும், நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கவும், வாங்கிய பொருள் சரியில்லை என்றால் திரும்பச் சென்று நிற்கவும் இடம் தருவது தெருக்கடையே. ஒவ்வோர் உறுப்புக்கும் வாரண்டி தனித்தனி என்பதால், ஜிஎஸ்டி பில்லில் அதன் வரிசை எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தரப்படும் பொருளில் மிச்சமாகும் தொகை, பழுது வரும் நாளில் அதைவிடப் பெரிய இழப்பாகிவிடும். பெட்டியில்லாமல் தனியாக விற்கப்படும் செயலிகள் சற்று மலிவாகக் கிடைத்தாலும், அவற்றுக்குக் குளிர்விப்பான் உடன்வராது. வாரண்டியும் பலவேளைகளில் தயாரிப்பாளருடையதாக இல்லாமல் கடையுடையதாகவே இருக்கும்.

பழைய பொருள்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை; தேய்மானம் குறைந்த செயலி, ராம், கேபினட் ஆகியவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது மாணவருக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் பெரிய உதவி. எழுத எழுதத் தேயும் எஸ்எஸ்டியையும், உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் வலுவிழக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் புதிதாகவே வாங்குவது உகந்தது. பழைய வன்வட்டு வாங்க நேர்ந்தால், அது எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பகுதிகள் பழுதாயின என்று அதிலேயே பதிவாகியிருக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் கடையிலேயே இலவச மென்பொருள் கொண்டு பார்த்துவிடலாம். பழைய தாய்ப்பலகையிலோ, செயலியில் இருந்த ஊசிகள் இன்றைய அமைப்பில் சாக்கெட்டுக்கு இடம்மாறிவிட்டதால், பிளாஸ்டிக் மூடியை நீக்கி, சாய்வான வெளிச்சத்தில் அந்த ஊசிகளில் ஒன்றும் வளையவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.